பாய் தைத்த பை: செவ்வாய்ப்பேட்டையிலிருந்து கம்போங் சாம் வரை

ஒரு பைக்கா இவ்வளவு நீளமாக எழுதுவார்கள் என்று கேட்பீர்கள். முப்பத்து மூன்று வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். வழிமுறை எழுதாமல் விடையை மட்டும் போட்டால் பாதி மார்க்தான் கொடுப்பேன். அவசரக்காரர்களுக்காக விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் தார்பாய்க் கடை வைத்திருக்கும் பாயிடம் ஆர்டர் கொடுத்துத் தைத்த கேன்வாஸ் பை. விலை 1,850 ரூபாய். சொன்ன தேதிக்குப் பதினோரு நாள் கழித்துத்தான் கைக்கு வந்தது. சாயம் போகும். தோள் நாடா உறுத்தும். இன்னொன்று வாங்குவீர்களா என்றால் வாங்குவேன்.

2022இல் ஓய்வு பெற்றேன். ஒரு வருடம் வீட்டில் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு இருந்ததில், பக்கத்து வீட்டுப் பையனுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டால்கூட ஓடிப்போகிற நிலைமைக்கு வந்துவிட்டேன். அப்போதுதான் கம்போடியாவில் ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கணக்குச் சொல்லித்தரும் முறையில் உதவ ஒரு வருடத்துக்குத் தன்னார்வலர்கள் வேண்டும் என்று தெரிந்து விண்ணப்பித்தேன். சம்பளம் கிடையாது. தங்க இடமும் சாப்பாட்டுப் படியும் உண்டு. முதல் ஐந்து வாரம் அங்கேயே பயிற்சி. தேர்வாகிவிட்டேன் என்றதும் என் பையன் சொன்னது: "ஏற்காட்டுக்குப் போனாலே பத்தாவது வளைவுல பஸ்ஸை நிறுத்தச் சொல்ற ஆளும்மா நீ."

சரி, பைக்கு வருவோம். முதலில் எல்லோரையும் போல நான்கு சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டிதான் பார்க்கப் போனேன். ஐந்து ரோடு பக்கம் இரண்டு கடை ஏறி இறங்கினேன். கடைக்குள் டைல்ஸ் தரையில் பெட்டி அன்னநடை போட்டது. தூக்கிப் பார்த்தால் காலியாகவே நாலு கிலோவுக்கு மேல். எனக்கு அனுமதி இருபது கிலோ. அதில் ஐந்தில் ஒரு பங்கைப் பெட்டிக்கே கொடுத்துவிட்டால் பருப்புப் பொடி எங்கே போகும்?

பாய் கடை எனக்கு ஏற்கெனவே தெரியும். அது பைக்கடை இல்லை, தார்பாய்க் கடை. லாரிக்குத் தார்பாய் தைப்பதும் சீட்டுக்கு ரெக்சின் போடுவதும்தான் தொழில். சங்ககிரி, நாமக்கல் லாரிக்காரர்கள்தான் வாடிக்கை. எங்கள் பள்ளியில் விளையாட்டுச் சாமான் போட்டுவைக்கப் பெரிய மூட்டை போல ஒன்று அவர்தான் தைத்துக் கொடுத்தார். அது பதினான்கு வருடம் உழைத்தது. அந்த நம்பிக்கையில் போனேன்.

பாய் துணியைக் காட்டவில்லை. கேள்விதான் கேட்டார்.

"கூட யாரு டீச்சர் வர்றா?"

"யாரும் இல்லை பாய்."

"இறங்கினதும் கூட்டிட்டுப் போக?"

"ஆள் அனுப்புறதா சொல்லியிருக்காங்க."

"சொல்லியிருக்காங்க," என்று அவர் அதையே திருப்பிச் சொன்னார். அதில் கிண்டல் இல்லை. ஆனால் முப்பது வருடமாக லாரி லோடு வரும் என்று சொன்னவர்களுக்காகக் காத்திருந்த அனுபவம் இருந்தது. "வர லேட்டாச்சுன்னா எங்க உட்காருவீங்க? உங்களுக்கு முட்டி வலி இருக்குல்ல?"

இந்தக் கேள்வியை ஐந்து ரோட்டில் யாரும் கேட்கவில்லை. எத்தனை இன்ச், என்ன கலர், எத்தனை வருட வாரண்டி, இவைதான் அங்கே பேச்சு. பையை விமானத்துக்காக வாங்குகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விமானத்தில் அது நம் கையிலேயே இருப்பதில்லை. வெளியே வந்த பிறகு வருகிற இரண்டு மணி நேரத்துக்குத்தான் பை வேண்டும்.

அப்படித் தீர்மானமானதுதான் இந்தப் பையின் அமைப்பு. லாரித் தார்பாய்க்குப் போடும் பருத்திக் கேன்வாஸ், கருநீலம். அடியில் ஒரு பிளைவுட் பலகை, அதை ரெக்சினில் பொதிந்து நாலு பக்கமும் இரட்டைத் தையல். இரண்டு பக்கச் சுவர்களிலும் தலா ஒரு பட்டையான சட்டம். நிமிர்த்தி வைத்து மேலே உட்கார்ந்தால் அமுங்காது. சட்டங்களை உருவிவிட்டால் காலிப் பை மடங்கிக் கட்டிலுக்கு அடியில் போய்விடும். பித்தளை ஜிப். கைப்பிடிக்கு லாரி கட்டுகிற நைலான் பெல்ட், பையின் அடிவரை சுற்றி ஓடும். பிடி மட்டும் அறுந்து கையோடு வருகிற பேச்சே இல்லை. சக்கரம் கிடையாது. "சக்கரம் வேணும்னா ரோடு நல்லா இருக்கணும் டீச்சர்" என்றார். காலி எடை 2 கிலோ 300 கிராம். வீட்டுத் தராசில் நானே போட்டுப் பார்த்தேன்.

மிச்சத் துணியில் கழுத்தில் மாட்டும் குட்டிப் பை ஒன்று இலவசம். அதில் டாலர் நோட்டு மடங்காமல் இருக்க வேண்டும் என்றேன். "தகடு மாதிரி, ஆனா கனமில்லாம ஏதாவது கொண்டாங்க" என்றார். என் வலது முட்டியின் பழைய எக்ஸ்ரே படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதை வெட்டி உள்ளே வைத்துத் தைத்துவிட்டார். சென்னை விமான நிலையச் சோதனையில் ஒரு அம்மா அந்தப் பையை இரண்டு முறை இயந்திரத்துக்குள் விட்டுப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தார். எக்ஸ்ரேயையே எக்ஸ்ரே எடுத்தால் என்ன தெரியுமோ.

தாமதத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. ஆடி பிறக்கும் முன் ஆர்டர் கொடுத்தேன். பதினைந்து நாளில் தருகிறேன் என்றவர், கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா வந்துவிட்டது, பையன்கள் யாரும் மெஷினில் உட்காரவில்லை என்றார். சேலத்துக்காரிக்கு இந்தக் காரணத்தை மறுக்க வாய் இல்லை. ஆனால் இது முன்னாலேயே தெரிந்த திருவிழாதானே பாய்? காலண்டரில் இருக்கிறதே? நான் மூன்று முறை அலைந்தேன். ஆட்டோக் காசு மட்டும் 360 ரூபாய். அதையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

கொடுக்கும்போது, "ஒருதரம் லோடு போட்டு ஏற்காட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டு வாங்க" என்றார். நல்ல யோசனை. பழைய பத்தாம் வகுப்புக் கைடுகளைப் பன்னிரண்டு கிலோவுக்குப் போட்டு நிரப்பி, வாந்தி வராமலிருக்க அவோமின் மாத்திரை ஒன்று போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். இருபது கொண்டை ஊசி வளைவிலும் பை இருந்த இடத்தை விட்டு நகரவில்லை, பலகை அடிதான் காரணம். பக்கத்தில் யாரோ வைத்திருந்த ஆரஞ்சுக் கூடைதான் ஒவ்வொரு வளைவுக்கும் இங்கும் அங்கும் போய் வந்தது. ஏரி ஸ்டாப்பில் இறங்கி, சேலத்தைப் பார்க்கிற லேடீஸ் சீட் முனை வரை தோளில் போட்டு நடந்தேன். பாதி வழியில் மழை. மேலே போய்ச் சேர்ந்தபோது சேலம் தெரியவில்லை, மேகம்தான் தெரிந்தது. திறந்து பார்த்தால் வலது அடி மூலையில் தையல் வழியாகத் தண்ணீர் இறங்கி ஒரு கைடு ஊறிவிட்டிருந்தது. நிகழ்தகவுப் பாடம் முழுக்கப் போச்சு. திரும்பி வந்து காட்டினேன். பாய் தையல் நெடுகிலும் மெழுகைத் தேய்த்து, மேலே பழைய துணி போட்டு இஸ்திரிப் பெட்டியால் இழுத்தார். பத்து நிமிட வேலை, காசு வாங்கவில்லை. இதை முதலிலேயே செய்திருக்கலாம். ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை அந்தப் பைக்குள் ஒரு சொட்டு இறங்கியதில்லை.

2023 செப்டம்பர் கடைசியில் கிளம்பினேன். இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் சென்னை, அங்கிருந்து கோலாலம்பூர், பிறகு புனோம்பென். நான் இறங்கியது நகரத்தை ஒட்டிய பழைய போச்சென்டாங் விமான நிலையம். 2025 செப்டம்பர் முதல் விமானங்களெல்லாம் நகரத்துக்குத் தெற்கே புதிய தேச்சோ விமான நிலையத்துக்குப் போகின்றன, ஆகவே இடக் குறிப்புகளை என்னிடம் கேட்காதீர்கள். டாலர் விஷயம் மட்டும் மாறியிருக்காது. அங்கே கடையிலும் டாலர் ஓடுகிறது, ரியலும் ஓடுகிறது. ஒரு டாலருக்குச் சுமார் 4,100 ரியல். டாலரில் கொடுத்தால் சில்லறையை ரியலில் தருவார்கள். ஆனால் டாலர் நோட்டில் நகக்கண் அளவு கிழிசல் இருந்தாலும் வாங்க மாட்டார்கள்.

விசா கவுன்ட்டரில் 35 டாலர். இருபது, பத்து, ஐந்து என மூன்று தாள் நீட்டினேன். அதிகாரி பத்தை மட்டும் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தள்ளினார். ஓரத்தில் ஒரு கீறல். இங்கே நாணயம் மாற்றிக் கொடுத்த இடத்திலேயே அந்தக் கீறல் இருந்திருக்க வேண்டும், நான் பார்க்கவில்லை. குட்டிப் பையின் எக்ஸ்ரே அறையிலிருந்து வேறொரு தாளை எடுத்தேன். முட்டி எலும்புக்கு நடுவே இருந்து வந்த அந்த நோட்டு இஸ்திரி போட்டது போல இருந்தது. முத்திரை விழுந்தது. குட்டிப் பைக்கு நூற்றுக்கு நூறு.

பெரிய பை பெல்ட்டில் வரும்போது தூரத்திலேயே தெரிந்தது. கறுப்பும் சாம்பலுமாகப் பளபளத்த பெட்டிகளுக்கு நடுவே, லாரியிலிருந்து தவறி விழுந்த தார்பாய் மூட்டை மாதிரி. கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

வெளியே வந்தேன். பெயர் எழுதிய தாளோடு பதினைந்து இருபது பேர். என் பெயர் இல்லை. இன்னொரு சுற்றுப் பார்த்தேன், இல்லை. போன் நம்பர் இருந்தது, என் சிம் வேலை செய்யவில்லை. அந்த நேரத்தில் வயிற்றில் ஒன்று உருளும் பாருங்கள், அதை வெளியூர் போய் இறங்கிய யாரும் மறக்க முடியாது. ஊரில் இருந்து கிளம்பியபோது தைரியசாலியாக இருந்தவள், இப்போது யாராவது வந்து டீச்சர் என்று கூப்பிட்டால் போதும் என்று நின்றேன். எழுத்தெல்லாம் வட்ட வட்டமாக, பக்கத்தில் போனால் படித்துவிடலாம் போல இருந்தது, பக்கத்தில் போனால் ஒன்றும் புரியவில்லை. அவர்கள் மொழியான கெமரின் எழுத்தே நம் பல்லவர் காலத்து எழுத்திலிருந்து போனதுதான் என்று பிறகு மொழி வகுப்பில் சொன்னார்கள். காஞ்சிபுரத்துக்காரர்கள் எழுதிய எழுத்து சேலத்துக்காரியைப் பார்த்து முகம் திருப்பிக்கொண்டது.

பத்து நிமிடம் நின்றதும் முட்டி சொல்லிவிட்டது. தூண் ஓரமாகப் பையை நிமிர்த்தி வைத்து உட்கார்ந்தேன்.

பாய், உட்கார்ந்தேன். ஒரு மணி நாற்பது நிமிடம்.

பலகை வளையவில்லை. பக்கச் சட்டங்கள் என் அறுபத்தெட்டு கிலோவைச் சத்தமில்லாமல் தாங்கின. உயரம் சரியாக எங்கள் வீட்டு முக்காலி உயரம், காலைத் தொங்கவிடாமல் ஊன்றி உட்காரலாம். வெளி அறையில் வைத்திருந்த தட்டுவடைப் பொட்டலத்தை எடுத்து ஒவ்வொன்றாகக் கடித்துக்கொண்டு போகிற வருகிற வண்டிகளைப் பார்த்தேன். எல்லாம் வலது பக்கமாகப் போயின. அந்தக் கூட்டத்தில் ஒரு பஜாஜ் ஆட்டோ. பிறகு இன்னொன்று. அப்புறம் பார்த்தால் பாதிக்குப் பாதி நம் ஊர் பஜாஜ் ஆட்டோதான். அழுகை வருகிற நேரத்தில் அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது.

என் முன்னால் ஒரு இளைஞன் தாளைப் பிடித்துக்கொண்டு அங்கும் இங்கும் நடந்துகொண்டே இருந்தான். என்னைப் பார்த்து ஒரு முறை புன்னகைகூடச் செய்தான். கூட்டம் குறைந்த பிறகு, தற்செயலாக அந்தத் தாளை முழுதாகப் படித்தேன். மிஸ்டர் என்று போட்டு, என் அப்பா பெயர். நம் பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதியதை அவர்கள் ஆளின் பெயர் என்று எடுத்துக்கொண்டார்கள். 1987இல் இறந்துபோனவரை வரவேற்க ஒரு பையன் ஒன்றரை மணி நேரமாக நின்றிருக்கிறான். ஆம்பளை ஆளைத் தேடியதால் தூண் ஓரம் உட்கார்ந்திருந்த கிழவியை அவன் கணக்கிலேயே எடுக்கவில்லை. எழுந்துபோய் அது நான்தான் என்றேன். அவன் இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்ட வேகத்தில் தாள் கீழே விழுந்தது. அதை எடுத்து மடித்து வைத்துக்கொண்டேன், இன்னும் இருக்கிறது.

பஜாஜ் ஆட்டோவில் போகும்போது கொட்டியது மழை. பையை மடியோடு அணைத்துக்கொண்டேன். தங்குமிடம் போய் விளக்கில் பார்த்தால், பைக்குள் துணி உலர்ந்து அப்படியே இருக்கிறது, என் சந்தனக் கலர் சுடிதார் மட்டும் மார்பிலிருந்து முட்டிவரை நீலம். அடுத்த நாள் காலை அறிமுகக் கூட்டம். மழையில் நனைந்த பையின் சாயம் என் உள்ளங்கையில் இரண்டு நாள் இருந்தது. அங்கே வந்திருந்த கென்யா நர்ஸ் என்னிடம் அது உங்கள் ஊர் மருதாணியா என்று கேட்டார். பாய், இது பெரிய குறை. கருநீலத்தைத் தைக்கும் முன் ஒரு முறை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து அலசினால் போதும். சுங்கடிச் சேலை வாங்கினால் வீட்டில் செய்வதுதானே.

பயிற்சியைப் பற்றி இங்கே அதிகம் எழுதப்போவதில்லை. புனோம்பென்னில் ஒரு வாரம், காலையில் மொழி, மதியம் மற்றதெல்லாம். வலது பக்கம் ஓடுகிற சாலையை எப்படிக் கடப்பது என்று அறுபத்தொரு வயதில் கற்றேன். முதலில் இடது பக்கம் பார்க்க வேண்டும். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகையில் உள்ள மண்டையோட்டைப் படமாகக் காட்டி, பாதையை விட்டு இறங்காதே என்றார்கள். கெமர் ரூஜ் ஆட்சியில் சிறையாக இருந்த துவோல் ஸ்லெங்குக்கும் கூட்டிப்போனார்கள். 1975க்கு முன் அது ஒரு உயர்நிலைப் பள்ளி. வகுப்பறைகளுக்குள் செங்கல் வைத்துச் சிறு சிறு சிறைகளாகத் தடுத்திருந்தார்கள். படித்தவர்கள் என்றாலே கொன்ற நாலு வருடம் அது. அதில் செத்துப்போனவர்களில் ஆசிரியர்கள் ஏராளம். அங்கிருந்து திரும்பிய வழியில் யாரும் பேசவில்லை.

கணக்கு டீச்சர் என்பதால் ஒன்று மட்டும். கெமர் மொழியில் ஆறு முதல் ஒன்பது வரை தனி எண்பெயர் கிடையாது. ஒன்று மோய், ஐந்து ப்ராம், ஆறு என்றால் ப்ராம்-மோய், ஐந்தும் ஒன்றும். ஒரு கை முடிந்து மறு கைக்குப் போவது அப்படியே வார்த்தையில் இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு கல்வெட்டு பார்த்தேன். சக ஆண்டு 605, அதாவது கி.பி. 683. நடுவிலுள்ள சைபர் ஒரு புள்ளி. உலகத்தில் கிடைத்த மிகப் பழைய சைபர்களில் அதுவும் ஒன்று. புள்ளி அவ்வளவு சின்னது, கண்ணாடியை மாட்டிக்கொண்டுதான் பார்த்தேன்.

இரண்டாவது வாரம் கம்போங் சாம் என்ற ஊருக்குப் போய், அங்கிருந்து கிராமத்தில் ஆளுக்கொரு வீடு. இங்கேதான் சக்கரமா தோளா என்ற கேள்விக்கு விடை கிடைத்தது. வேன் நின்ற இடத்திலிருந்து வீடுகளுக்குச் செம்மண் தடம், மழைக்காலம், சேறு கணுக்கால் அளவு. கென்யா நர்ஸின் நான்கு சக்கரப் பெட்டி முதல் இருபது அடியிலேயே ஒரு சக்கரத்தை விட்டது. அதன் பிறகு இரண்டு பேர் பிணம் தூக்குவது போலத் தூக்கிப் போனார்கள். என் பையை மோட்டார் சைக்கிள்காரர் வாங்கி, ஹேண்டிலுக்கும் தன் முட்டிக்கும் நடுவில் வைத்து அமுக்கிக்கொண்டார். கேன்வாஸ் என்பதால் இடத்துக்கு ஏற்ப வளைந்துகொடுத்தது. நான் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். நியாயமாக இதையும் சொல்ல வேண்டும்: பிறகு அந்த நர்ஸின் பெட்டிக்குள் எலி போகவில்லை. என் பையின் மூலையை ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கடித்துவிட்டது. பருப்புப் பொடி வாசனைதான் காரணம் என்று நினைக்கிறேன்.

நான் தங்கிய வீடு தூண்கள் மேல் மரத்தில் கட்டியது. வீட்டுப் பாட்டியை யேய் என்று கூப்பிட வேண்டும், தாத்தா என்றால் தா. அது மட்டும் எனக்கு முதல் நாளே வந்துவிட்டது. என்னைப் பார்த்ததும் யேய் கேட்டது, "ஞாம் பாய் ஹௌய் நௌ?" சோறு தின்றாச்சா என்று அர்த்தம். நம் ஊரைப் போலவே வணக்கத்துக்குப் பதில் அதுதான். பாய் என்றால் அங்கே சோறு. பாய் பாய் என்று நாள் முழுக்கக் காதில் விழும்போதெல்லாம் செவ்வாய்ப்பேட்டை தார்பாய்க் கடைதான் ஞாபகம் வந்தது. சாப்பிட்டுப் பழக மூன்று நாள் ஆனது. ப்ரஹோக் என்று ஊறிய மீன் விழுது, கருவாட்டுக்கு அண்ணன். ஆனால் ஒரு மாலை தேங்காய்ப்பாலில் வாழைப்பழமும் ஜவ்வரிசியும் போட்டு ஒரு கிண்ணம் கொடுத்தார்கள். சேலத்துக்காரிக்கு ஜவ்வரிசியை அறிமுகப்படுத்துகிறார்கள்! குச்சிக்கிழங்கு அந்தப் பக்கமும் காடு காடாக விளைகிறது. ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஃபேக்டரி வாசலில் கிழங்கு குவித்திருப்பதை எப்படி விளக்குவது என்று தெரியாமல் கையை உயரமாகக் காட்டினேன். யேய் புரிந்ததாகத் தலையாட்டியது.

தோள் நாடாவின் கதை அங்கேதான் முடிந்தது. பாய் போட்டது ஒரு அங்குல பெல்ட். பதினெட்டு கிலோவைத் தூக்கினால் தோளில் தழும்பு விழுகிறது. பயிற்சி இடத்துக்குப் புத்தகம் சுமந்துபோய் வந்த மூன்றாம் நாள், ரவிக்கையை விலக்கிச் சிவந்த கோட்டைப் பார்த்தேன். யேய் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்த் தன் கிராமாவைக் கொண்டுவந்தது. கிராமா என்பது சிவப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பருத்தித் துண்டு. தலையில் கட்டுவார்கள், இடுப்பில் சுற்றுவார்கள், பிள்ளைக்குத் தூளியும் அதுதான். அதை நீளவாக்கில் மடித்து, பெல்ட்டைச் சுற்றிச் சாய்வாக ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி இறுக்கிச் சுற்றி, முனையைப் பல்லால் கிழித்து முடிச்சுப் போட்டது. சைக்கிள் ஹேண்டிலுக்கு நம் ஆட்கள் ட்யூப் சுற்றுவது போல. இரண்டு நிமிடம். பிறகு ஒரு வருடம் அந்தத் தோள் வலிக்கவில்லை.

பச்சும் பென் பண்டிகை வந்தது. பதினைந்து நாள், இறந்தவர்களுக்கானது, கடைசி நாள் அமாவாசை. நம் மகாளய அமாவாசையும் அதே நாள்தான். பென் என்பதே பிண்டம் என்ற சொல்தான் என்று மொழி ஆசிரியை சொன்னார். விடியும் முன்னே நாலு மணிக்கு விகாரைக்குப் போய், இருட்டில் சோற்று உருண்டைகளை எறிந்தார்கள். நான் காலிப் பையைக் கொடுத்திருந்தேன். அதில் யேய் மூன்று அடுக்குச் சாப்பாட்டுக் கேரியர் இரண்டை நிறுத்தி எடுத்துவந்தது. பலகை அடி என்பதால் குழம்பு சாயவில்லை. காலையில் பிக்குகளிடம் கொடுக்க இறந்தவர்களின் பெயரைத் தாளில் எழுதினார்கள். யேயின் தாளில் பதினான்கு பெயர். உன் வீட்டில் யார் என்று என்னைக் கேட்டது. விமான நிலையத்துத் தாள் குட்டிப் பையில்தான் இருந்தது. அதைப் பார்த்து அந்தப் பெயரை யேயின் பேத்தி கெமர் எழுத்தில் எழுதினாள். மிஸ்டரையும் சேர்த்து எழுதிவிட்டாள்.

பை விமர்சனத்துக்குத் திரும்புகிறேன். இப்போது இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நிறம், பலமுறை துவைத்த யூனிஃபார்ம் டவுசர் நிறத்துக்கு வந்துவிட்டது, இனிச் சாயம் போக ஒன்றும் பாக்கி இல்லை. தையல் ஒரு இடத்திலும் பிரியவில்லை. பலகை ஈரத்தில் லேசாக வளைந்திருக்கிறது, உட்கார்ந்தால் ஒரு பக்கம் ஆடும். ஜிப் ரன்னர் ஒரு முறை மாற்றினேன், 40 ரூபாய். ரன்னரில் பூட்டுப் போட ஓட்டை இல்லை. போகும்போதும் வரும்போதும் நூல் கம்பியால் கட்டினேன். வெளி அறை குடை வைக்கப் பத்தாது, கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

ஊர் திரும்பிய வாரமே கடைக்குப் போனேன். பாய் நலம் விசாரிக்கவில்லை. "உட்கார்ந்தீங்களா?" என்றார். ஒரு மணி நாற்பது நிமிடம் என்றேன். பையனிடம் திரும்பி, "பார்த்தியா, நான் சொன்னேன்ல" என்றார். எலி கடித்த மூலைக்கு ரெக்சின் ஒட்டு வைத்துத் தைத்தார், அதற்கும் காசு வாங்கவில்லை. அப்புறம் நாடாவைப் பார்த்தார். கிராமாவின் நுனியை விரலிடையே தேய்த்து, "இது நம்ம துண்டுதானே டீச்சர்" என்றார். இல்லை பாய், அங்கே நெய்தது என்றேன். கம்போங் சாமில் சாம் என்ற முஸ்லிம் மக்கள் இருப்பதையும் மெகாங் ஓரம் பள்ளிவாசல் இருப்பதையும் சொன்னேன். ஆச்சரியமாகக் கேட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை பிரியாணி உண்டா என்று விசாரித்தார். சோற்றுக்கே பாய் என்றுதான் பெயர் என்றதை அவர் நம்பவில்லை.

இப்போது தைக்கிற பைகளுக்கு இரண்டு அங்குல பெல்ட் போட்டு, தோளில் வருகிற இடத்தில் ஒரு துண்டைச் சுற்றித் தைத்துத் தருகிறார். விலை 2,200 ஆகிவிட்டது. துண்டு அம்மாப்பேட்டையில் வாங்குகிறாராம். போகிறவர்கள் கருநீலம் கேட்காதீர்கள், சாம்பல் நிறம் கேளுங்கள். மெழுகு தேய்த்துத் தரச் சொல்லுங்கள், கேட்காவிட்டால் மறந்துவிடுவார். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குக் கடை மூடியிருக்கும். ஆடி மாதத்தில் ஆர்டர் கொடுக்க வேண்டாம்.